36-இல் 5 போனால் மீதி

விலங்கிட்ட இரண்டு கைகளும் கம்பி வலைக்கு அந்தப் பக்கம் இருந்தன. விரல்களில் பழைய வெல்டிங் தீத்தழும்புகள். "நான் வெளியே ஒழுங்கா இருந்த 14 மாசம் எங்கே போச்சு மேடம்?" என்று அந்த மனிதர் கேட்டார். வழக்கறிஞருக்கு விடை தெரியும். சட்டத்தின் எந்த வரியில் அது இருக்கிறது என்பதும் தெரியும். நீதிபதியின் முன்னால் போவதற்கு முன்பே அதை அவரிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

அது 2008. அமெரிக்காவின் மத்திய மேற்கு மாநிலம் ஒன்றில், ஃபெடரல் நீதிமன்றக் கட்டடத்தின் அடித்தளத்தில் இருக்கும் காவல் அறை. வக்கீல் வைத்துக்கொள்ள வசதி இல்லாதவர்களுக்காக அரசுச் செலவில் வாதாடும் வழக்கறிஞர் அவர். 1990-களின் பிற்பகுதியில் அந்தப் பணிக்கு வந்தார். ஜூரியின் முன் நடக்கும் பெரிய விசாரணைகள் அவருடைய வாழ்க்கையில் எண்ணி எடுக்கக்கூடியவை. மற்றபடி வாரம் தவறாமல் வந்துகொண்டே இருந்தவை 20, 30 நிமிடத்தில் முடிந்துவிடும் ரத்து விசாரணைகள். செய்தியாளர்கள் வருவதில்லை. பார்வையாளர் இருக்கையில் ஓர் அம்மாவோ மனைவியோ உட்கார்ந்திருந்தால் அதிகம். ஆனாலும் மனிதர்களின் ஆண்டுகள் கூடுவதும் குறைவதும் அங்கேதான் என்று அவர் சொல்வார்.

ரத்து ஆவது எது என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். பரோல் என்றால் நம் ஊரில், சிறையில் இருப்பவர் அம்மாவின் சாவுக்கோ மகளின் கல்யாணத்துக்கோ சில நாள் வெளியே வந்து போவது. அமெரிக்காவில் பரோல் என்பது தண்டனைக் காலம் முடியும் முன்பே வெளியே விட்டு, மிச்சக் காலத்தை வெளியே கழிக்கவைக்கும் ஏற்பாடு. ஃபெடரல் வழக்குகளில் அதை 1984-ஆம் ஆண்டுத் தண்டனைச் சீர்திருத்தச் சட்டம் எடுத்துவிட்டது. 1987 நவம்பர் 1 முதல் நடந்த குற்றங்களுக்குப் பரோல் கிடையாது. அதன் இடத்தில் வந்ததுதான் கண்காணிப்பு விடுதலை. இது தண்டனையில் கழித்துத் தரும் சலுகை இல்லை. சிறைக் காலத்தை அனுபவித்து முடித்த பிறகு அதன் மேல் கூடுதலாக ஒட்டப்படும் காலம். வக்கீல்கள் இதை "வால்" என்பார்கள். அதில் இருப்பவர்கள் தங்களை "ஆன் பேப்பர்" என்று சொல்லிக்கொள்வார்கள், காகிதத்தில் கட்டுண்டு கிடப்பதாக. எந்த நாளில் எடுத்துக்கொண்டாலும் 1 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் அந்தக் காகிதத்தில் இருக்கிறார்கள்.

விடுதலையாகி 72 மணி நேரத்துக்குள் நன்னடத்தை அலுவலகத்தில் போய் நிற்க வேண்டும். அனுமதி இல்லாமல் மாவட்ட எல்லையைத் தாண்டக் கூடாது. வேலை பார்க்க வேண்டும். வீடு மாறினால் முன்கூட்டியே சொல்ல வேண்டும். கூப்பிட்ட நேரத்தில் போய்ச் சிறுநீர்ப் பரிசோதனைக்குக் கொடுக்க வேண்டும். இவற்றில் ஒன்று தவறினாலும் அலுவலர் "12-சி" என்ற படிவத்தில் நீதிபதிக்கு மனு போடலாம். அதற்குப் பின் நடப்பதில் ஜூரி கிடையாது. சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டியதும் இல்லை. தவறு நடக்கவில்லை என்பதைவிட நடந்தது என்பதே நம்பத்தக்கது என்று நீதிபதி ஒருவர் கருதினால் போதும், திரும்பவும் சிறை.

கம்பி வலைக்குப் பின்னால் இருந்தவர் ஒரு வெல்டர். அவருடைய பழைய வழக்கு, முன்பே தண்டனை பெற்றவர் துப்பாக்கி வைத்திருந்த வழக்கு. சட்டத்தின் கணக்கில் அது சி வகுப்புக் குற்றம். ஃபெடரல் சட்டத் தொகுப்பின் 18-ஆம் தலைப்பு, 3583-ஆம் பிரிவு ஒவ்வொரு வகுப்புக்கும் ஓர் உச்ச வரம்பு வைத்திருக்கிறது: ஏ, பி வகுப்புகளுக்கு 5 ஆண்டு கண்காணிப்பு, சி, டி வகுப்புகளுக்கு 3 ஆண்டு, அதற்குக் கீழே உள்ளவற்றுக்கு 1 ஆண்டு. வெல்டருக்கு முழு 3 ஆண்டும் போட்டிருந்தார்கள். 14 மாதம் எந்தப் புகாரும் இல்லை. பிறகு வேலை போனது, வாடகை கட்ட முடியவில்லை, தங்கையின் வீட்டுக்குக் குடிபோனார், அலுவலரிடம் சொல்லவில்லை. மூன்று பரிசோதனைகளுக்குப் போகவும் இல்லை.

நன்னடத்தை அலுவலகம் 11 மாதச் சிறை கேட்டது. தண்டனை ஆணையத்தின் அட்டவணைப்படி அவருக்கான வீச்சு 5 முதல் 11 மாதம். வழக்கறிஞர் இரண்டு நாள் உட்கார்ந்து தயார் செய்தார். தங்கையை அழைத்து வந்து நிறுத்தினார். பழைய முதலாளியிடம் கடிதம் வாங்கினார். நீதிபதி 5 மாதம் என்றார். வழக்கறிஞர் மூச்சு விட்டு முடிப்பதற்குள் அடுத்த வரி வந்தது: "அதைத் தொடர்ந்து 31 மாதம் கண்காணிப்பு விடுதலை."

36-இல் 5 போனால் மீதி 31. காலையில் நீதிமன்றத்துக்குள் வரும்போது வெல்டருக்குப் பாக்கி இருந்தது அதிகம் போனால் 22 மாதம். வெளியே போகும்போது 5 மாதச் சிறையும் 31 மாத வாலும் சேர்ந்து மறுபடியும் 36. கடிகாரம் முதல் நிமிடத்துக்குத் திரும்பிவிட்டது. வழக்கறிஞர் போராடிக் குறைத்த ஒவ்வொரு சிறை மாதமும் வாலில் போய் ஒட்டிக்கொண்டது.

அந்த 14 மாதத்தை விழுங்கியது உட்பிரிவு ஈ-யின் மூன்றாம் பத்தி. கண்காணிப்பை ரத்து செய்யும்போது, வெளியே கழித்த காலத்துக்கு எந்தக் கழிவும் கிடையாது என்று அது வெளிப்படையாகவே சொல்கிறது. ரத்துக்குப் பிறகு மறுபடியும் கண்காணிப்பு போடும் அதிகாரம் எச் உட்பிரிவில் இருக்கிறது. அந்தப் புதிய காலம், மூலக் குற்றத்துக்குச் சட்டம் அனுமதிக்கும் அதிகபட்சக் கண்காணிப்பிலிருந்து, ரத்தின்போது விதித்த சிறைக் காலத்தைக் கழித்து வருவதைத் தாண்டக் கூடாது. முதல் நீதிபதி எவ்வளவு போட்டார் என்பது இந்தக் கணக்கில் வரவே வராது. சி வகுப்பில் ஒருவருக்கு முதலில் 1 ஆண்டு மட்டும் போட்டிருந்தாலும், ரத்துக்குப் பின் கழித்தல் தொடங்குவது 36-இலிருந்துதான். இதை முதன்முறை கேட்கும் குடும்பத்தார் யாரும் நம்பியதில்லை.

அன்று மாலை அலுவலகத்துக்குத் திரும்பிய வழக்கறிஞர், மஞ்சள் தாளில் மூன்று பத்தி கோடு போட்டார்: வகுப்பின் உச்ச வரம்பு, இதுவரை விதித்த சிறை, மீதி. அதற்குப் பிறகு அந்த மூன்று பத்தி இல்லாத கோப்பு எதையும் அவர் நீதிமன்றத்துக்கு எடுத்துப் போனதில்லை. கட்சிக்காரரைப் பார்த்தவுடன் அவர் முதலில் பேசுவது சிறையைப் பற்றி அல்ல, மீதியைப் பற்றி.

ரத்துக்குப் பிறகு மறுபடியும் கண்காணிப்பு போடும் அதிகாரம் சட்டத்தில் ஆதியிலிருந்தே எழுதிவைத்த ஒன்றல்ல. 1994 வரை சட்டத்தில் எச் உட்பிரிவு இல்லை. ரத்து செய்து சிறைக்கு அனுப்பலாம் என்று இருந்தது. சிறையிலிருந்து வந்த பிறகு மறுபடியும் கண்காணிப்பு போடலாமா என்பதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. மேல்முறையீட்டு நீதிமன்றங்களில் பெரும்பாலானவை, போட முடியாது என்றே தீர்ப்பளித்தன. 1994 செப்டம்பரில் வந்த பெரிய குற்றத் தடுப்புச் சட்டத்தின் வழியாக அமெரிக்க நாடாளுமன்றம் எச் உட்பிரிவைச் சேர்த்தது. அப்படியானால் 1994-க்கு முன்னால் குற்றம் செய்தவர்கள்? வழக்கறிஞர் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் அவருடைய அலமாரியில் அப்படிப்பட்ட கோப்புகள் இருந்தன. புதிய சட்டம் பழைய குற்றத்தின் மேல் பாயக் கூடாது, பழைய சட்டத்திலோ அந்த அதிகாரம் இல்லை, ஆகவே இவர்கள் சிறை முடிந்ததும் சுதந்திர மனிதர்கள் என்று அவர் மனுக்களில் எழுதிக்கொண்டிருந்தார்.

2000 மே 15 அன்று உச்ச நீதிமன்றம் ஜான்சன் வழக்கில் தீர்ப்பளித்தது. 1993-இல் கடன் அட்டை மோசடி தொடர்பான குற்றம் செய்தவர் ஜான்சன். டென்னசி மாநிலத்தின் கிழக்கு மாவட்ட நீதிமன்றம் 25 மாதச் சிறையும் 3 ஆண்டுக் கண்காணிப்பும் விதித்தது. வெளியே வந்து ஏழு மாதம் போல ஆனபோது வர்ஜீனியாவில் பிடிபட்டு, மோசடிக் கையெழுத்துக் குற்றங்களில் தண்டனை பெற்றார். கண்காணிப்பு ரத்தாகி 18 மாதச் சிறை, அதன் பின் 12 மாதம் புதிய கண்காணிப்பு. அந்த 12 மாதம் செல்லுமா என்பதே கேள்வி.

நீதிபதி சூட்டர் எழுதிய தீர்ப்பின் முதல் பாதியைப் படித்தபோது வழக்கறிஞர் மகிழ்ந்தார்: எச் உட்பிரிவு பின்னோக்கிப் பாயாது என்று நீதிமன்றம் ஒப்புக்கொண்டது. இரண்டாம் பாதியில் கதை திரும்பியது. பழைய ஈ உட்பிரிவிலேயே அந்த அதிகாரம் உள்ளுக்குள் இருந்தது என்றார் சூட்டர். அவருடைய வாதம் முழுவதும் ஒரு சொல்லின் மேல் நின்றது. நமக்கு "ரத்து" என்றால் ஒழிந்தது என்றுதான் பொருள். ரயில் ரத்து என்று பலகையில் போட்டால் அந்த ரயில் வராது. ஆங்கிலச் சொல்லுக்கும் வழக்கில் அதுதான் பொருள். ஆனால் அந்தச் சொல்லின் வேரில் "திரும்ப அழைத்தல்" என்ற பொருளும் உண்டு. அதே பிரிவின் இன்னோர் இடத்தில் "முடித்துவிடலாம்" என்று எழுதத் தெரிந்த நாடாளுமன்றம், இங்கே வேறு சொல்லைப் போட்டிருக்கிறது. அதோடு, ரத்தான கண்காணிப்புக் காலத்தின் "முழுவதையோ ஒரு பகுதியையோ" சிறையில் கழிக்கச் சொல்வதால், ரத்துக்குப் பிறகும் அந்தக் காலத்துக்கு உயிர் இருக்கிறது என்றாகிறது. வெளியே விட்டுப் பார்த்துத் தவறிப்போனவருக்கே கண்காணிப்பு அதிகம் தேவைப்படும் என்பது அவர் சொன்ன நடைமுறைக் காரணம். ஒன்பது பேரில் ஸ்கேலியா மட்டும் மறுத்தார். சொல்லுக்கு அன்றாடம் இருக்கும் பொருளை விட்டு வேருக்குப் போவது சட்டத்தைப் படிக்கும் முறை இல்லை என்பது அவர் நிலை.

வழக்கறிஞர் இன்றும் அந்த இடத்தில் ஸ்கேலியாவின் பக்கம்தான். வேறு பல விஷயங்களில் அவருக்கு ஸ்கேலியாவோடு ஒத்துப்போனதில்லை. ஆனால் ஒரு மனிதனின் சுதந்திரத்தைப் பறிக்கும் சொல், தெருவில் போகிறவருக்குப் புரியும் பொருளில் இருக்க வேண்டும் என்பது அவருடைய உறுதியான எண்ணம்.

2003-இல் இன்னொரு திருத்தம் வந்தது. ஒவ்வொரு முறை ரத்தாகும்போதும் சிறைக்கான உச்ச வரம்பு புதிதாகத் தொடங்கும் என்று ஆனது. சி வகுப்புக்கு 2 ஆண்டு என்றால், முதல் ரத்திலும் 2 ஆண்டு வரை, அடுத்த ரத்திலும் 2 ஆண்டு வரை. சிறைக் கணக்குக்கு அடிப்பலகை உடைந்துபோனது. மிஞ்சிய ஒரே தடுப்பு, எச் உட்பிரிவில் இருக்கும் அந்தக் கழித்தல்தான்.

அந்தத் தடுப்பும் எல்லோருக்கும் இல்லை. போதைப்பொருள் வழக்குகள் பலவற்றிலும் சில பாலியல் குற்றங்களிலும் ஆயுள் முழுவதும் கண்காணிப்பு போடச் சட்டம் இடம் தருகிறது. ஆயுளிலிருந்து 12 மாதம் போனால் மீதி எவ்வளவு? 2012-இல் காசெஸி வழக்கில், நியூயார்க் அடங்கிய இரண்டாம் சுற்று மேல்முறையீட்டு நீதிமன்றம், ஆயுள் என்பது எண் அல்ல, அதிலிருந்து மாதங்களைக் கழிக்க வேண்டியதில்லை என்றது. அப்படிப்பட்ட கட்சிக்காரர்களின் கோப்பில் மஞ்சள் தாளின் மூன்றாம் பத்தியை வழக்கறிஞர் வெறுமையாக விட்டுவிடுவார். தன் வேலையில் இதைவிடக் கனமான காகிதத்தை அவர் பார்த்ததில்லை.

வெல்டர் இரண்டாம் முறை வந்தார். இந்த முறை கம்பி வலைக்கு இந்தப் பக்கம் மஞ்சள் தாள் முதலில் வந்தது. 36, அதன் கீழே 5. "இன்றைக்கு எத்தனை மாதம் போடுகிறாரோ அதையும் இதில் கழிக்கணும். சிறை குறைஞ்சா வால் நீளும். உங்களுக்கு எது முடியும்?" வெல்டர் வெகு நேரம் அந்த எண்களைப் பார்த்தார். கம்பிக்குள்ளே இருந்து முடித்துவிட்டால் தேவலை, வெளியே ஒவ்வொரு போன் மணிக்கும் பயந்து சாக முடியவில்லை என்றார். கட்சிக்காரரே அதிகச் சிறையைக் கேட்கும் நிலை இந்தத் தொழிலில் புதியவர்களைத் திகைக்கவைக்கும். அன்று 9 மாதச் சிறை வந்தது. 22 மாதம் வரை வால் போட இடம் இருந்தும் நீதிபதி 12-இல் நிறுத்தினார்.

மூன்றாம் முறைதான் உண்மையான சண்டை. பழைய தவறுகளே: சொல்லாமல் வீடு மாறியது, அலுவலகத்துக்கு வராதது. புதுக் குற்றம் எதுவும் இல்லை. அரசு வழக்கறிஞர் 8 மாதச் சிறையும் அதன் பின் 28 மாதக் கண்காணிப்பும் கேட்டார். 36-இலிருந்து அன்றைய 8-ஐ மட்டும் கழித்திருந்தார்.

வழக்கறிஞர் எழுந்து, சட்டத்தில் இருப்பது "விதிக்கப்பட்ட எந்தச் சிறைக் காலமும்" என்ற சொற்கள் என்றார். இன்றைய சிறை மட்டும் அல்ல, இதே வழக்கில் முன்பு ரத்தானபோது விதித்ததும் சேரும். நான்காம் சுற்று நீதிமன்றம் 2002-இல் மாக்ஸ்வெல் வழக்கிலும், எட்டாம் சுற்று 2004-இல் பாமர் வழக்கிலும், ஐந்தாம் சுற்று 2008-இல் வேரா வழக்கிலும் அப்படித்தான் சொல்லியிருக்கின்றன. மஞ்சள் தாளை மேடைக்கு அனுப்பினார். 5, 9, 8. கூட்டினால் 22. 36-இல் 22 போனால் 14. நீதிபதி பென்சிலால் ஒவ்வொரு எண்ணின் மேலும் ஒரு புள்ளி வைத்துக்கொண்டே வந்தார். அரசு வழக்கறிஞர் தன் கணக்கைத் திருத்திக்கொண்டு, அப்படியானால் 14 மாதம் போடுங்கள் என்றார்.

வழக்கறிஞர் உட்காரவில்லை. எச் உட்பிரிவு முழுவதும் "சேர்க்கலாம்" என்ற தொனியில் எழுதப்பட்டது, "சேர்க்க வேண்டும்" என்று எங்கும் இல்லை என்றார். துப்பாக்கியோ போதைப்பொருளோ கையில் இருந்ததால் ரத்து செய்தே தீர வேண்டும் என்று சட்டம் கட்டாயப்படுத்தும் வழக்குகளிலும், அதன் பிறகான வால் "லாம்" மட்டுமே. அந்த "லாம்" நீதிபதியின் கையில் இருக்கும் முழு அதிகாரம். பழக்கத்தால் அதை "வேண்டும்" என்று படிக்கிறோம். 14 போட முடியும். பூஜ்யமும் போட முடியும்.

நீதிபதி நன்னடத்தை அலுவலரைப் பார்த்து, இவருக்கு நீங்கள் இனி என்ன செய்து கொடுக்க முடியும் என்று கேட்டார். அந்த அலுவலர் நேர்மையான மனிதர். சிகிச்சை முடித்துவிட்டார், வேலையில் இருக்கிறார், எங்களிடம் இருந்த எல்லா ஏற்பாட்டையும் பார்த்தாகிவிட்டது, இனி வருகைப் பதிவு மட்டும்தான் மிச்சம் என்றார். வழக்கறிஞரின் இருபது நிமிட வாதத்தைவிட அந்த ஒரு பதில் பெரிது. இதை அவர் பல முறை சொல்லியிருக்கிறார்.

கண்காணிப்பே வேண்டாம் என்பவர் அல்ல அவர். நல்ல அலுவலர் கிடைத்து, போதையை விட்டு, வேலை தேடிக்கொண்டு தலைநிமிர்ந்தவர்களை அவர் பார்த்திருக்கிறார். அவர் எதிர்ப்பது, யாரும் கேள்வி கேட்காமல் வாலை மறுபடி மறுபடி ஒட்டுவதை. புரூக்ளினில் இருந்த நீதிபதி ஜாக் வெயின்ஸ்டீன் 2018-இல் டிராட்டர் வழக்கில் இதையே எழுதினார்: கஞ்சா பழக்கம் ஒன்றுக்காகவே மனிதர்களைச் சிறைக்கும் கண்காணிப்புக்கும் இடையே சுற்றவிட்டதை ஒப்புக்கொண்டு, இனி அப்படிச் செய்யப்போவதில்லை என்று தீர்ப்பிலேயே அறிவித்தார். அதற்கு அடுத்த ஆண்டு, ஹேமண்ட் வழக்கில், ஜூரி இல்லாமல் குறைந்தது 5 ஆண்டுச் சிறையைக் கட்டாயமாக்கிய கே உட்பிரிவின் ஒரு பகுதியை உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது.

2025 ஜூன் 20 அன்று எஸ்டராஸ் வழக்கின் தீர்ப்பு வந்தது. எழுதியவர் நீதிபதி பேரட். ஏழு பேர் ஒரு பக்கம், இருவர் மறுபக்கம். ரத்து செய்யலாமா என்று முடிவெடுக்கும்போது மூலக் குற்றத்துக்குப் பழி தீர்க்கும் நோக்கத்தை நீதிபதி கணக்கில் எடுக்கக் கூடாது என்று அது சொல்கிறது. நாடாளுமன்றம் அந்த ஒரு நோக்கத்தை வேண்டுமென்றே பட்டியலிலிருந்து விட்டிருக்கிறது. "நீ செய்த குற்றத்தின் கனத்தைப் பார்த்தால்" என்று தொடங்கி ரத்து உத்தரவுகள் வாசிக்கப்பட்டதை ஆண்டுக்கணக்கில் கேட்டவர் வழக்கறிஞர். தீர்ப்பை அச்செடுத்து, அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த இரண்டு பேரின் மேசையில் வைத்தார். மேல் பக்கத்தில் மஞ்சள் தாளின் மூன்று பத்திகளையும் கோடு போட்டுக் கொடுத்தார்.

வெல்டரின் மூன்றாம் உத்தரவு ஒரு பக்கம்தான் இருந்தது. 8 மாதச் சிறை. அதன் கீழே, கண்காணிப்பு விடுதலை என்ற தலைப்புக்கு எதிரே, "இல்லை" என்று இருந்தது. காவல் அறையில் அதைப் படித்துக் காட்டியபோது, "வெளியே வந்தா 72 மணி நேரத்துல நான் எங்கே போய் நிக்கணும்?" என்று கேட்டார்.

"எங்கேயும் இல்லை" என்றார் வழக்கறிஞர்.

அதே கேள்வியை வெல்டர் இன்னொரு முறையும் கேட்டார். வழக்கறிஞர் உத்தரவைத் திருப்பி வலையோடு ஒட்டிப் பிடித்து, அந்த வரியின் மேல் விரல் வைத்துக் காட்டினார். 8 மாதம் கழித்து வெல்டர் வெளியே வந்தார். அதற்குப் பிறகு அவர் பெயரில் 12-சி எதுவும் வரவில்லை. போட யாருக்கும் அதிகாரம் இல்லை.